நிகழ்ச்சி தாமதமானால் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வது என்றதும், படத்தைப் பிடித்து, சுருக்கி, கோப்பாக்குவதுதான் பெரிய வேலை என்று பலரும் நினைப்பார்கள். அனலாக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பில் படம் நிலையத்திலேயே சுருக்கப்பட்டு வந்துவிடுகிறது. வந்ததை வந்தபடி ஹார்ட் டிஸ்க்கில் எழுதினால் போதும். பழைய லேப்டாப்கூடத் தாங்கும். மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய இடம் வேறு: எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, ஒரே நேரத்தில் இரண்டு வந்தால் எதை விடுவது.

பிரிட்டனில் 2002இல் தொடங்கிய ஃப்ரீவியூ சேவையை எடுத்துக்கொள்வோம். கூரை ஆன்டெனா வழியாக, சந்தா இல்லாமல் வரும் ஒளிபரப்பு. ஒளிபரப்பைப் பிடித்துத் தரும் விரல் நீள யூஎஸ்பி டியூனர் ஒன்றைச் செருகினால் கம்ப்யூட்டருக்கும் அது கிடைக்கும். 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்து பயணிக்கின்றன, கூட்ஸ் வண்டியில் கோத்த பெட்டிகளைப் போல. தரவு சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக வருகிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் சரியாக 188 பைட். முதல் பைட் எப்போதும் 71. பாக்கெட் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். அடுத்து, 0 முதல் 8191 வரை ஓர் எண் இருக்கும். ஒரு சேனலின் படத்துக்கு ஓர் எண், ஒலிக்கு இன்னோர் எண். வேண்டிய எண்களை மட்டும் பொறுக்கி எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவதுதான் பதிவு. விநாடிக்கு 4 மெகாபிட் ஓடும் சேனலுக்கு ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிகாபைட் ஆகும்.

சரி, நேரம் எப்படித் தெரிகிறது? அதே ஓட்டத்தில் 18ஆம் எண் பாக்கெட்டுகளில் நிகழ்ச்சி நிரலே வந்துகொண்டிருக்கிறது: தலைப்பு, சுருக்கம், தொடங்கும் நேரம், எவ்வளவு நேரம் ஓடும், கூடவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி எண். தொடங்கும் நேரத்துக்கு ஐந்தே பைட். முதல் இரண்டில் தேதி, ஆனால் நாள், மாதம், ஆண்டாக அல்ல. 1858 நவம்பர் 17இலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண்ணிக்கையாக. டிவிபி எனப்படும் இந்த டிஜிட்டல் ஒளிபரப்பு முறையின் தரநிலை ஆவணத்திலேயே உள்ள எடுத்துக்காட்டு: 1993 அக்டோபர் 13 என்றால் 49273. மீதி மூன்று பைட்டில் மணி, நிமிடம், விநாடி. இரண்டு பைட்டில் 65535 வரைதான் எண்ண முடியும் என்பதால் இந்த நாள்கணக்கு 2038 ஏப்ரல் 22 வரைதான் தாங்கும். அப்புறம் என்ன செய்வது என்பது பொறியாளர்கள் பாடு. இன்னொன்று, இந்த நேரம் உலகப் பொது நேரம். கோடையில் பிரிட்டிஷ் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடும்போது, அதைக் கணக்கில் எடுக்காத மென்பொருள் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே பதிவு செய்யும்.

வாராந்தர நிரல் என்பது உத்தேசம்தான். விம்பிள்டனில் ஐந்தாவது செட் இழுத்தால் பின்னால் வரும் நிகழ்ச்சிகளெல்லாம் நகரும். எளிய வழி, முன்னால் சில நிமிடம் பின்னால் சில நிமிடம் சேர்த்துப் பதிவு செய்வது. ஆட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் அது உதவாது. நல்ல வழியும் அதே 18ஆம் எண்ணில்தான் இருக்கிறது: ‘இப்போது ஓடுவது, அடுத்து வருவது’ என்ற குட்டிப் பட்டியல் இரண்டு விநாடிக்கு ஒரு முறையாவது வரும். கடிகாரத்தை மறந்துவிட்டு, நமக்கு வேண்டிய நிகழ்ச்சியின் எண் ‘இப்போது’ கட்டத்துக்கு வரும்வரை கம்ப்யூட்டர் காத்திருக்கலாம். நிலையம் பட்டியலை ஒழுங்காக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சில நிலையங்கள் மாற்றுவதில்லை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் இரண்டு வழியையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த யோசனை கம்ப்யூட்டருக்கு முந்தியது. மேற்கு ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு நிலையங்கள் 1985இலேயே வீடியோ கேசட் ரெக்கார்டர்களுக்காக வி.பி.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தன. படத்தில் கண்ணுக்குத் தெரியாத 16ஆம் வரியில் ஒரு குறியீடு வரும். அது நிகழ்ச்சி உண்மையில் தொடங்கும் நேரம் அல்ல, முதலில் அறிவிக்கப்பட்ட நேரம். 20:15 என்று அறிவித்த படம் 20:40க்குத் தொடங்கினாலும் 20:15 என்ற குறியோடுதான் வரும். அந்தக் குறி தெரிந்ததும் டேப் சுழலும், மறைந்ததும் நிற்கும். நேரத்தையே நிகழ்ச்சியின் பெயராக்கிய கெட்டிக்காரத்தனம் அது. என்னைக் கேட்டால், பிறகு வந்த பல முறைகள் இதைவிடச் சிக்கலானவையே தவிர மேலானவை அல்ல.

இனி, ஒரே நேரத்தில் வரும் நிகழ்ச்சிகளின் மோதல். கேபிள் பெட்டியில் சலித்துப்போன ஐசக் ரிச்சர்ட்ஸ் 2002இல் தொடங்கிய மித்டிவி என்ற திறந்தமூலப் பதிவு மென்பொருள் இதைக் கையாளும் விதம் பார்க்கத்தக்கது. ஒரு டியூனர் ஒரு சமயத்தில் ஓர் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ஆனால் ஃப்ரீவியூவில் பிபிசி ஒன், பிபிசி டூ இரண்டும் ஒரே அலைவரிசையில் வருவதால், இரண்டையும் ஒரே டியூனரில் பதியலாம். சாதாரணத் தரத்தில் பிபிசி ஒன்னும், வேறு அலைவரிசையில் வரும் ஐடிவியும் வேண்டுமென்றால் இரண்டு டியூனர் தேவை. டியூனர் போதாதபோது, நாம் கொடுத்த முன்னுரிமை எண்களை ஒப்பிட்டு, தோற்ற நிகழ்ச்சிக்கு மறுஒளிபரப்பு இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அங்கே மாற்றிவிடும். புது நிரல் வந்தாலோ நாம் ஏதாவது சேர்த்தாலோ மொத்தத் திட்டத்தையும் மறுபடி போட்டுப் பார்க்கும். ஏற்கெனவே பதிந்த பகுதியா என்பதை விவரக் குறிப்பை ஒப்பிட்டுத் தீர்மானிக்கும்.

இதற்காக நாள் முழுக்க மின்சாரத்தை எரிக்க வேண்டியதில்லை. மதர்போர்டில் உள்ள கடிகாரச் சில்லில், அடுத்த பதிவுக்குச் சில நிமிடம் முன்னதாக அலாரம் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். நேரம் வந்ததும் தானே எழும். விளம்பரங்களை அடையாளம் காணவும் மென்பொருள் முயலும்: இடையில் வரும் கறுப்புச் சட்டகங்கள், மூலையிலிருந்து காணாமல் போகும் சேனல் சின்னம் இவற்றை வைத்து. இருட்டுக் காட்சிகள் நிறைந்த திகில் படத்தில் அது தடுமாறும்.

நம் ஊர் கேபிளும் டிடிஎச்சும் பெரும்பாலும் இதே டிவிபி தரநிலைக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அதே 188 பைட், அதே 71. ஆனால் கட்டணச் சேனல் பாக்கெட்டுகளின் தலைப்பகுதியில் இரண்டு பிட், ‘உள்ளே பூட்டியிருக்கிறது’ என்று சொல்லும். சாவி செட்டாப் பாக்ஸின் பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் பூட்டில்லாமலே வருவதால், எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு என்ன படம் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் வாசித்துவிடும். படத்தை மட்டும் பதிய முடியாது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டாமல் வரும் சேனல்களை, செயற்கைக்கோள் டியூனர் வாங்கி டிஷ்ஷோடு இணைத்தால் தாராளமாகப் பதியலாம்.