குடல் நோயும் குழந்தைப்பேறும்: கணவரின் மருந்துச் சீட்டையும் பாருங்கள்

நான் குடல் மருத்துவன். குழந்தையில்லை என்று யாரும் என்னைத் தேடி வருவதில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற பெருங்குடல் புண்ணுக்கு ரிவ்யூ வந்தவர், எல்லாம் பேசி முடித்து எழுந்து, கதவுப்பிடியில் கை வைத்தபடி "டாக்டர், இன்னொண்ணு கேக்கணும்..." என்று இழுப்பார். விஷயமே அங்கேதான் ஆரம்பிக்கும்.

வெளியே உட்கார்ந்திருக்கும் மனைவியை உள்ளே கூப்பிட்டால், அவர் மடியில் ஒரு ஃபைல். ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய் எக்ஸ்ரே, போதாததற்கு லேப்ராஸ்கோபி. அத்தனையும் அந்தப் பெண்ணுக்கு. கணவருக்கு ஒரே ஒரு தாள்: விந்தணு எண்ணிக்கை குறைவு, அசையும் திறன் குறைவு. அதைப் பார்த்துவிட்டு யாரோ சத்து மாத்திரை எழுதியிருப்பார்கள். "நீங்கள் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். போன மாதமும் இதே கதைதான். எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

குடல் புண்ணுக்கு அந்தக் கணவர் சாப்பிட்டு வந்த மாத்திரை சல்ஃபாசலசின். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அதே மாத்திரை. மூட்டுவலிக்கும் கொடுப்பார்கள். நல்ல மருந்துதான், விலையும் குறைவு. அதனால்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து பிரியும் சல்ஃபா பகுதி விந்தணுவின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றையும் கெடுக்கும். இது 1979-லேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதும் பழைய செய்திதான். அதே குடல் புண்ணுக்குக் கொடுக்கும் மெசலமைன் என்ற மருந்துக்கு மாறினால் அந்த சல்ஃபா தொல்லை இல்லை. ஒரு விந்தணு உருவாகி வர ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும் என்பதால், மாற்றி மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். அடுத்த வாரமே லேபுக்கு ஓடாதீர்கள். (இதைக் கருத்தடை மாத்திரையாக நம்பி இருந்துவிடவும் வேண்டாம். எண்ணிக்கை குறைந்திருந்தாலும் கரு நிற்கலாம்.)

இப்போது எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். மேலே உள்ளதைப் படித்தவுடனே சிலர் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடுவார்கள். "குடல் மாத்திரை சூடு, ஆண்மை போயிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள். விந்தணு குறைவது வேறு, விறைப்பு வராமல் போவது வேறு. எண்ணிக்கை குறைந்தவருக்குத் தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். விறைப்புச் சிக்கல் உள்ளவரின் விந்தணு முதல் தரமாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, மருந்தையும் நிறுத்தினால் என்ன ஆகும்? நோய் கிளம்பும். ஒரு நாளைக்குப் பத்து தடவை ரத்தத்தோடு போகிறவர், ரத்தசோகையில் தலைசுற்றிப் படுத்திருப்பவர், எடை இறங்கி ஸ்டீராய்டில் தூக்கம் கெட்டவர், இவருக்கு ஆசை எங்கிருந்து வரும்? நோய் பொங்கியிருக்கும்போது விந்தணுவும் இறங்கும். நான் பார்த்தவரை, ஆண்மை போனது என்று வந்தவர்களில் பலருக்கு மருந்தைக் குற்றம் சொல்ல முடியாது. அடங்காத நோயும் மனச்சோர்வும்தான் காரணம்.

குடல் நோய்க்குக் கொடுக்கும் மற்ற மருந்துகளில் அசதயோபிரின், இன்ஃப்ளிக்ஸிமாப் இரண்டையும் அப்பாவாகப் போகிறவர் நிறுத்தத் தேவையில்லை. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் தனி. குழந்தைக்கு முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வது பழைய வழக்கம், புதிய தரவுகள் அவ்வளவு பயமுறுத்தவில்லை. உங்கள் மருத்துவரோடு பேசித்தான் முடிவு.

கொஞ்சம் கெஞ்சியும் கேட்கிறேன். விறைப்பில் சிக்கல் இருந்தால் சொல்லுங்கள். ஆசனவாய்ப் பக்கம் பவுத்திரம் இருந்து வலிக்கிறதா, நடுவில் டாய்லெட்டுக்கு ஓட வேண்டி வருமோ என்ற பயமா, எதுவானாலும் நாங்கள் கேட்டுப் பழகியதுதான். மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாக மாத்திரை வாங்காதீர்கள். இதயத்துக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவருக்கு அது உயிர் போகிற விஷயம். வீரிய லேகியமும் வேண்டாம். அந்த மாதிரி சரக்குகள் சிலவற்றில் ஈயம், பாதரசம் இருந்தது சோதனைகளில் தெரிந்ததுதான். க்ரோன்ஸ் என்கிற இன்னொரு குடல் அழற்சி நோய் உள்ளவர் சிகரெட்டை விட்டே ஆக வேண்டும், குடலுக்கும் விந்தணுவுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

"பிள்ளைக்கும் வந்துடுமா டாக்டர்?" அப்பாவுக்கு மட்டும் இருந்தால், நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வராது. அதற்காகக் குழந்தையே வேண்டாம் என்று உட்கார வேண்டியதில்லை.

கடைசியாக ஆபரேஷன். பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலில் பை செய்து வைக்கும் சிகிச்சையில், இடுப்புக்குள் ஓடும் மெல்லிய நரம்புகளில் கை படலாம். சிலருக்கு அதனால் விறைப்பு குறையும், அல்லது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும். அப்படி ஆகிறவர்கள் குறைவு. நோயின் தொல்லை ஒழிந்து முன்னைவிட நன்றாக இருப்பவர்களே அதிகம். இருந்தாலும் விந்தணுவை முன்கூட்டியே உறைய வைத்துச் சேமிக்கலாம். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் அன்றே கேளுங்கள், அட்மிஷன் போட்ட ராத்திரி கேட்டால் யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. கல்யாணமாகாத பையன் என்றால் நான் அப்பா, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இதைப் பேசுவேன். கூட வருகிற பெற்றோர், தயவுசெய்து அந்தப் பத்து நிமிடம் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போங்கள்.