விரல்ல கை வச்சா கால் போயிரும்னு யாருங்க சொன்னது?

போன வாரமும் எங்க வார்டுல ஒருத்தருக்கு முட்டிக்குக் கீழ காலை எடுத்தாச்சு. மளிகைக் கடை வச்சிருக்க அண்ணாச்சி, ஐம்பது சொச்சம் வயசு, சுகர் வந்து பல வருஷம். பெருவிரலுக்குக் கீழ ஆணி மாதிரி தடிச்சிருக்கு, மெடிக்கல்ல கார்ன் கேப்ங்கற ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டிருக்கார், அது தோலை அரிச்சுப் புண்ணாயிருக்கு, வலி இல்ல, அதனால தினமும் கடையைத் திறந்து நாள் பூரா நின்னுட்டே யாவாரம் பாத்திருக்கார். முதல்ல கண்டுபிடிச்சது அவர் மக. ரூம்ல எலி செத்த வாடை அடிக்குதேன்னு கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடிருக்கு அந்தப் பொண்ணு, கடைசில பாத்தா அப்பா கால்லருந்து வருது. அன்னைக்கே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, அங்க சரியாத்தான் சொல்லிருக்காங்க, ஒரு விரலை எடுத்து சீழை வெளிய விட்ருவோம்னு. உடனே சொந்தபந்தம் கூடிருச்சு. "விரல்ல கை வச்சா அப்புறம் பாதம், அப்புறம் முட்டி, அப்புறம் தொடை, வெட்டிக்கிட்டே போவானுங்க"ன்னு சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போய் பச்சிலை வச்சுக் கட்டு. பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு என்கிட்ட வரும்போது கணுக்கால் வரைக்கும் கருநீலம், தோலை அமுக்குனா உள்ள நொறுநொறுங்குது, ஆள் உளற ஆரம்பிச்சாச்சு. அந்த ராத்திரி காலைக் காப்பாத்தறதைப் பத்திப் பேச ஒண்ணுமே மிச்சம் இல்ல, உயிர் நின்னா போதும்னு ஆயிருச்சு.

எனக்குக் கோவமெல்லாம் அந்தப் பேச்சு மேலதான். எந்த ஊரு, எந்த சாதி, எவ்ளோ படிச்ச குடும்பமா இருந்தாலும் இதே வசனம், ஒரு எழுத்து மாறாது. சொல்றவங்க பொய் சொல்றாங்கன்னும் சொல்ல முடியாது, பெரியப்பாவுக்கோ மாமாவுக்கோ முதல்ல சுண்டுவிரல் போயிருக்கும், ரெண்டு மாசத்துல முன்பாதம் போயிருக்கும், தீபாவளி வர்றதுக்குள்ள முட்டிக்குக் கீழ போயிருக்கும், கண்ணால பாத்திருக்காங்க. அதைப் பாத்துட்டு கத்தி பட்டதாலதான் பரவுச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. கத்தி பட்டு எதுவும் பரவாது சாமி! பரவறது சீழ். பாதத்துக்குள்ள தசைநார் ஓடற உறை எல்லாம் குழாய் மாதிரி, விரல்ல இருக்கற சீழ் அது வழியா உள்ளங்காலுக்கு வரும், அங்கருந்து கெண்டைக்காலுக்கு ஏறும், நீங்க கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா அதுவும் உங்ககூடவே வீட்டுக்கு வரும். சீக்கிரம் திறந்து விட்டா விரலோட நிக்கும், சில சமயம் விரலைக்கூட எடுக்க வேண்டாம், செத்த சதையை மட்டும் சுத்தம் பண்ணா போதும். லேட்டா வந்தா எங்க நல்ல சதை இருக்கோ அந்த இடம் வரைக்கும் போய்த்தான் ஆகணும். ஆக, "வெட்டிக்கிட்டே போறது" முக்காவாசி நேரம் தள்ளிப் போட்டதுக்கு வர்ற விலை.

மிச்சம் கால்வாசிக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதைச் சொன்னா எங்க டாக்டருங்களே என்கிட்ட சண்டைக்கு வருவாங்க, பரவால்ல. ரத்த ஓட்டம் பாக்காம விரலை எடுக்கறது. வெட்டின இடம் ஆறணும்னா ரத்தம் வரணும்ல? தொடையிலயோ முட்டிக்குக் கீழயோ ரத்தக்குழாய் அடைச்சிருக்க ஆளுக்கு வெறுமனே விரலை எடுத்தா அந்த வெட்டுவாயே கறுக்கும், அடுத்தது முன்பாதம், அதுவும் கறுக்கும். இந்த மாதிரி ஒருத்தருக்கு நடந்தா அந்தத் தெருவே இருபது வருஷத்துக்கு டாக்டரை நம்பாது. அதனால பேஷன்ட் கூட வர்றவங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டாக்டர், கால்ல ரத்த ஓட்டம் எப்படி இருக்கு, டாப்ளர் பாத்தாச்சா?" (டாப்ளர்னா குழாய்ல ரத்தம் ஓடறதைப் பாக்கற ஸ்கேன்.) பாதத்து நாடியைக் கையால தொட்டுப் பாக்கணும், கணுக்கால் பிபியையும் கை பிபியையும் அளந்து கணுக்கால் நம்பரைக் கை நம்பரால வகுக்கணும், 0.9க்குக் கீழ வந்தா அடைப்பு இருக்குன்னு அர்த்தம். (1.3, 1.4ன்னு வந்தா சூப்பர்னு குதிக்காதீங்க, சுகர்காரங்களுக்குக் குழாய் சுண்ணாம்பு கட்டிக் கெட்டியாயிருந்தா நம்பர் அப்படித்தான் ஏமாத்தும், அப்ப கால்விரல்ல பிரஷர் பாக்கணும்.) அடைப்பு இருந்தா ஆஞ்சியோ பண்ணி பலூன் போட்டோ பைபாஸ் பண்ணியோ ரத்தத்தைக் கொண்டு வந்துட்டு அப்புறம் விரலைத் தொட்டா அது ஆறும். காய்ஞ்ச கறுப்பா, சீழ் இல்லாம இருக்கற விரலுக்கு இதுக்கெல்லாம் டைம் இருக்கு. சீழ், காய்ச்சல், வாடைன்னு இருந்தா டைம் கிடையாது, முதல்ல திறந்து விடணும், ரத்த ஓட்டம் அடுத்த நாள் பாத்துக்கலாம். பீடி சிகரெட் பத்தி நான் தனியா சொல்லணுமா? ஸ்டென்ட் போட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னு பத்த வைக்கறவங்களைப் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, "சுகர் 400 இருக்கு, அது இறங்கட்டும், அப்புறம் ஆபரேஷனுக்கு வர்றோம்." சீழ் உள்ள இருக்கற வரைக்கும் அது இறங்காதுங்க. சீழை எடுத்த மறுநாளே இன்சுலின் டோஸ் குறையறதை எங்க வார்டுல வாராவாரம் பாக்கறோம்.

சரி, இதெல்லாம் வந்ததுக்கு அப்புறம். கால் எடுக்கறவங்கள்ல நூத்துக்கு எண்பது பேருக்கு மேல அது ஒரு சின்னப் புண்ணுலதான் ஆரம்பிச்சிருக்கும். 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுல இந்தியால சுகர் பேஷன்ட் 10 கோடிக்கு மேல, தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம்னு சொல்லிருக்காங்க, அதாவது ஏழு பேருக்கு ஒருத்தர். உங்க வீட்லயும் இருப்பார். அவர் பாதத்தைக் கடைசியா யார் பாத்தா?

வலி இல்லைன்னு சந்தோசப்படாதீங்க, சுகர்ல கால் மரத்துப் போயிருக்கலாம். ஒரு ரிடையர்டு கண்டக்டர் ஓபிக்கு நடந்தே வந்தார், சும்மா சுகர் செக்கப்புக்கு. செருப்பைக் கழட்டுங்கன்னா வலது செருப்பு கழண்டு வரல, நர்ஸ் குனிஞ்சு இழுத்தா காலும் சேந்து வருது. திருப்பிப் பாத்தா ஒரு ஆணி, செருப்பைத் துளைச்சு உள்ளங்கால்ல ஏறி இருக்கு. எப்ப குத்துச்சுன்னு அவருக்கே தெரியல, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கார்! நாங்க 10 கிராம் நைலான் இழை ஒண்ணு வச்சிருப்போம், கண்ணை மூடச் சொல்லிட்டு பாதத்துல அங்கங்க தொடுவோம், உணர்ச்சி இருந்தா "ஆங்"னு சொல்லணும். நான் எல்லா இடமும் முடிச்சுட்டு நிமிர்ந்தா, "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க"ன்னு கேக்கற ஆளுங்கதான் எனக்குப் பயம். செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நாலடி நடந்து போறாரா உங்க அப்பா? அப்ப டெஸ்ட் வீட்லயே முடிஞ்சிருச்சு, கூட்டிட்டு வாங்க.

அடுத்து யாருமே கேக்காத விஷயம். உள்ளங்கால் புண்ணுக்கு வெறும் மருந்து பத்தாது, அதுமேல மிதிக்கக் கூடாது, அதுதான் பாதி வைத்தியம். விலை கூடின ஆயின்மென்ட் போட்டுட்டு, தினம் டிரெஸ்ஸிங் பண்ணிட்டு, அதே கால்ல மாடி ஏறி இறங்கினா எப்படிங்க ஆறும்? "வீட்டுக்குள்ள மட்டும்தான் டாக்டர் நடக்கறேன்"னு சொல்வாங்க. வீட்டுக்குள்ள இருக்கறதும் தரைதானே. இந்த அறிவு நமக்கு வந்ததுல வேலூருக்குப் பெரிய பங்கு இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்த பால் பிராண்ட்ங்கற சர்ஜன், தொழுநோய்க்காரங்க கை கால் கிருமியால தானா அழுகி விழல, வலி தெரியாததால அவங்களே மிதிச்சு, சுட்டு, காயப்படுத்திக்கறதாலதான் போகுதுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னார். புண்ணுள்ள காலுக்கு ஒட்டுன மாதிரி மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பாதம் பூரா பிரிச்சு விடற முறையை அவர் அமெரிக்கா போனப்ப அங்க கொண்டு போனார், இன்னைக்கு சுகர் புண்ணுக்கு உலகம் பூரா அதுதான் முதல்தர வைத்தியம். சுகர்காரங்க போடற மெத்து ரப்பர் செருப்பு, அந்த எம்சிஆர் செருப்பும் அந்தத் தொழுநோய் ஆஸ்பத்திரிங்க வழியா வந்ததுதான். அந்த மாவுக்கட்டு போடலாம்னு சொன்னா, "கால் உடையலையே, எதுக்குக் கட்டு"ன்னு கேக்கறாங்க. கழட்டற மாதிரி பூட்ஸ் குடுத்தா வீட்டுப்படி ஏறினதும் கழட்டிருவாங்க, அதனாலதான் கழட்ட முடியாத கட்டு. (ரத்த ஓட்டம் மோசமா இருக்கறவங்களுக்கும், சீழ் இருக்கும்போதும் இது போட மாட்டோம்.)

வீட்டு வைத்தியத்துக்கு வர்றேன். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், எருக்கம்பால், நுரை பொங்கற பெராக்சைடு, இதுல எதுவும் வேணாம், கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணில கால் முக்கறது சுத்தமா வேணாம், வெந்து தோல் உரிஞ்சு வர்றவங்க மாசத்துக்கு ரெண்டு மூணு பேர். சலைன்ல கழுவி சுத்தமான துணி வச்சு லேசாக் கட்டிட்டு அதே நாள் கிளம்பி வாங்க. மெடிக்கல்ல நீங்களா கேட்டு அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் போடறது வேணாம், மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ள எலும்பு வரைக்கும் போயிருக்கும். நாங்க மழுங்கின ஸ்டீல் கம்பியைப் புண்ணுக்குள்ள மெதுவா விட்டுப் பாப்போம், சதையா இருந்தா மெத்துனு நிக்கும், எலும்புல பட்டா கைக்கே டக்குனு தெரியும். எலும்பு வரைக்கும் கிருமி போனது எக்ஸ்ரேல தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதனால "எக்ஸ்ரே நார்மல்"னு ஃபைலைக் காட்டி என்கிட்ட வாதாடாதீங்க.

தினமும் என்ன பண்ணணும்னு கேக்கறீங்களா? ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி பாதத்தைப் பாருங்க, மேல மட்டும் இல்ல, அடியிலயும், விரல் இடுக்குலயும். குனிய முடியலன்னா பேரப்பிள்ளைகிட்ட போனைக் குடுத்து போட்டோ எடுக்கச் சொல்லுங்க, நாள் பூரா போன்லதானே இருக்கு அது. தடிச்ச தோலை பிளேடால சீவாதீங்க, அதுக்கு அடியிலதான் புண்ணு ஒளிஞ்சிருக்கும், கார்ன் கேப்பைப் பத்தி மறுபடி சொல்லணுமா? நகத்தை நேரா வெட்டுங்க. தேங்கா எண்ணெய் தடவுங்க, விரல் இடுக்குல மட்டும் வேணாம், அங்க ஈரமே நிக்கக் கூடாது. மெட்டி இறுக்கமா இருக்கற அம்மாக்கள் தயவுசெஞ்சு அதைத் தளர்த்திக்கோங்க, மெட்டிக்கு அடியில அறுத்துப் புண்ணாகி வர்றதை நான் நிறையவே பாக்கறேன், "சுமங்கலி எப்படி டாக்டர் கழட்டறது"ன்னு அழறாங்க, கழட்ட வேணாம்மா, பெருசா மாத்திக்கோங்க போதும். ஷூ போடறதுக்கு முன்னாடி தட்டிட்டு உள்ள கையை விட்டுப் பாருங்க. தரைல படுக்கற வீடுகள்ல எலி இருந்தா கால்ல சாக்ஸ் போட்டுப் படுங்க, மரத்த கால் விரலை எலி கடிச்சது காலைல ரத்தத்தைப் பாத்துத்தான் தெரியும், கதை விடல.

கோயில் விஷயத்துல என்னைத் திட்டுவீங்க, திட்டுங்க. உச்சி வெயில்ல கல் பிரகாரத்துல வெறுங்காலோட சுத்தறது, பாதயாத்திரை, கிரிவலம், தீமிதி, இதெல்லாம் மரத்துப்போன காலுக்கு ஆகவே ஆகாது. காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி போயிட்டு வாங்க. கிரிவலம் 14 கிலோமீட்டர், உணர்ச்சி இல்லாத கால்ல வெறுங்காலோட போயிட்டு வந்து மறுநாள் கொப்புளத்தோட என் வாசல்ல நிக்காதீங்க.

புண்ணே இல்லாம ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டா சூடா இருந்தா, வலி இல்லன்னாலும் அன்னைக்கே வாங்க. சுளுக்கு, யூரிக் ஆசிட்னு எண்ணெய் போட்டு உருவிட்டு நடந்தா உள்ள எலும்பு நொறுங்கி பாதமே படகு மாதிரி வளைஞ்சிரும், சார்கோ ஃபுட்னு பேரு. நம்மள்ல பாதிப் பேருக்கு, டாக்டருங்களையும் சேத்துத்தான் சொல்றேன், இது முதல் தடவை பிடிபடறதில்ல.

புண்ணு ஆறிருச்சுன்னா ஃபைலை மூடிராதீங்க, ஆறினவங்கள்ல நூத்துக்கு நாப்பது பேருக்கு ஒரு வருஷத்துலயே திரும்ப வருது. காசு இல்லன்னு தள்ளிப் போடறவங்களுக்கு: அரசு ஆஸ்பத்திரிகள்ல பாதம் பாதுகாப்போம் திட்டம்னு இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கேளுங்க. சுகர் டாக்டர்கிட்ட போறப்ப அவர் கேக்கலைன்னாலும் சாக்ஸைக் கழட்டிக் காலை நீட்டுங்க. ஒண்ணு மறக்காதீங்க, டாக்டரைப் பாக்கப் போறோமேன்னு புதுச் செருப்பு வாங்கிப் போட்டுட்டு வராதீங்க, தினம் போடற அந்தப் பழசையே போட்டுட்டு வாங்க. எந்த இடத்துல தேஞ்சிருக்குன்னு பாத்தாலே அடுத்த புண்ணு எங்க வரும்னு சொல்லிருவோம்.