‘பதவி நீக்க விசாரணை’ என்று எழுதலாமா?

“முன்னாள் அதிபர் மீது பதவி நீக்க விசாரணை.” 2021 பிப்ரவரியில் டிரம்ப் பற்றி நம் செய்திகளில் அடிபட்ட தொடர் இது. ஜனவரி 20-ஆம் தேதியே பதவிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போனவரை எந்தப் பதவியிலிருந்து நீக்குவது? ஆங்கிலத்தின் ‘இம்பீச்மென்ட்’ (impeachment) என்ற சொல்லைத்தான் இப்படி மொழிபெயர்த்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பதவி நீக்கம் என்ற பொருளே கிடையாது.

மூலம் இலத்தீன். ‘பெடிகா’ என்றால் கால்விலங்கு. தளையிடுதல், தடுத்தல் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் 1376 முதல், காமன்ஸ் சபை குற்றம் சாட்ட பிரபுக்கள் சபை விசாரிக்கும் முறைக்குப் பெயரானது.

அமெரிக்காவிலும் அதுதான் நடைமுறை. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டினாலே இம்பீச்மென்ட் ஆகிவிட்டது. பிறகு செனட் விசாரிக்கும். அவையில் இருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ‘குற்றவாளி’ என்றால்தான் பதவி போகும். அதன்பின் தனி வாக்கெடுப்பு நடத்தி, இனி கூட்டாட்சிப் பதவி எதுவும் வகிக்கக் கூடாது என்று தடையும் போடலாம். 2021-இல் மிச்சமிருந்தது இந்தத் தடை ஒன்றுதான். ஆண்ட்ரூ ஜான்சன், பில் கிளின்டன், டிரம்ப் இருமுறை என அதிபர்கள் மீதான நான்கு விசாரணைகளும் விடுதலையில்தான் முடிந்தன. 1868-இல் ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். நடக்காத ஒன்றைத் தலைப்பிலேயே தீர்ப்பாகச் சொல்வது வாசகரை ஏமாற்றுவது.

இந்தச் சொல் யார் தலைமை தாங்குவது என்ற சர்ச்சையையும் மறைத்துவிட்டது. அதிபரை விசாரிக்கும்போது தலைமை நீதிபதிதான் தலைமை தாங்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். செனட்டின் தலைவர் துணை அதிபர். அதிபர் வீழ்ந்தால் நாற்காலி அவருக்கு. அந்த ஆதாயத்தை விலக்கி வைக்கவே இந்த விதி. 2020-இல் டிரம்பின் முதல் விசாரணையில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அமர்ந்தார். 2021-இல் டிரம்ப் அதிபராக இல்லாததால், செனட்டின் இடைக்காலத் தலைவர் பேட்ரிக் லேஹி அமர்ந்தார். ‘குற்றவாளி’ என்று வாக்கும் போட்டார். ‘குற்றவாளி’ என்றோர் 57, இல்லை என்றோர் 43; தண்டிக்க 67 தேவைப்பட்டது.

சாசனம் எழுதப்பட்டபடி பார்த்தால் இதில் தவறில்லை. தலைமை தாங்குபவரின் முடிவைச் செனட்டே வாக்கெடுப்பில் மாற்றலாம், தீர்ப்பளிப்பவர்கள் உறுப்பினர்கள்தாம். ஆகவே அவரை ‘நீதிபதி’ என்று எழுதுவதும் பிழை. ஆனாலும் டிரம்புக்கு எதிரான கட்சிக்காரர் ஒருவரே அவையை நடத்தி வாக்கும் போடுவது நியாயமாகத் தெரியாது. அந்த விமர்சனம் சரியானதே.

இந்திய நீதிபதிகளுக்குப் ‘பதவி நீக்கத் தீர்மானம்’ பொருந்தும். சாசனத்தின் 124-ஆம் பிரிவு நீக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறது. இம்பீச்மென்ட் அங்கே குடியரசுத் தலைவருக்கு மட்டுமே உரியது. 1993-இல் நீதிபதி வி. ராமசாமி மீது வந்ததை அப்படி எழுதியது சரி. அதை அப்படியே வாஷிங்டனுக்கு ஏற்றுமதி செய்ததுதான் கோளாறு. மாற்றாக ‘கண்டனத் தீர்மானம்’ என்று எழுதுவது இன்னும் மோசம். 1834-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் மீது செனட் நிறைவேற்றியது கண்டனம். அதில் விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை. ‘பழிசாட்டு’ என்றாலோ, பொய்ப்பழி போடுகிறார்கள் என்ற வாடை வந்துவிடுகிறது.

இலங்கைத் தமிழர் எழுதும் ‘குற்றப் பிரேரணை’ இவற்றைவிட எவ்வளவோ தெளிவு. 2012-இல் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது வந்ததை அப்படித்தான் எழுதினார்கள். பிரேரணை வடசொல் என்று தயங்குவோர், பிரதிநிதிகள் சபையில் நிறைவேறுவதைக் ‘குற்றச்சாட்டுத் தீர்மானம்’ என்றும் செனட்டில் நடப்பதைக் ‘குற்றச்சாட்டு விசாரணை’ என்றும் எழுதலாம். தண்டனை உறுதியாகி ஆள் வெளியேறும்போது மட்டும் ‘பதவி நீக்கம்’ என்று போடுங்கள். அன்றைய தலைப்பு “முன்னாள் அதிபர் மீதான குற்றச்சாட்டு விசாரணை: லேஹி தலைமை” என்று வந்திருக்க வேண்டும்.