பிளேடால் வெட்டி ஒட்டிய இசை

பிரிட்டனின் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் முதல் முகப்பு இசையை வாசித்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. வாத்தியக் குழு கிடையாது. விசைப்பலகையில் விரல் வைத்து அந்த மெட்டை முழுதாக யாரும் வாசித்ததும் கிடையாது. மின்னணு முறையில் ஒலி எழுப்பும் மூக் சின்தசைசர் வெளிவந்ததே 1964-இல்தான். தொடரோ 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிவிட்டது. அப்படியென்றால் அந்த ஒலி எங்கிருந்து வந்தது?

லண்டன் மைடா வேலில் பிபிசியின் ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப் 1958-இல் தொடங்கப்பட்டது. நாடகங்களுக்கு விநோத ஒலிகள் செய்து தருவது அதன் வேலை. இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் எழுதிய மெட்டு 1963-இல் அங்கே டீலியா டெர்பிஷயரின் கைக்கு வந்தது. மெட்டும் கீழ்ச்சுர வரியும் போக, ‘காற்றுக் குமிழி’, ‘மேகம்’ என்பது போன்ற குறிப்புகள் அதில் இருந்தன. டெர்பிஷயர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். இந்த வேலைக்கு இரண்டுமே தேவைப்பட்டன. உதவிக்கு டிக் மில்ஸ் இருந்தார்.

‘தும்-ததும்’ என்று ஓடும் கீழ்ச்சுர வரியிலிருந்து தொடங்கலாம். அதற்கு மூலம், சுண்டிவிட்ட ஒரே ஒரு கம்பியின் ஒலி. அதை டேப்பில் பதிந்துகொண்டு, வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு மறுபடி பதிந்தார்கள். டேப்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால், நொடிக்கு 100 முறை அதிர்ந்தது 200 முறை அதிரும். சுரம் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். வேகத்தை ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டினால் அடுத்த அரைச்சுரம். இப்படியே மெட்டுக்கு வேண்டிய சுரங்கள் அத்தனையையும் அந்த ஒரே ஒலியிலிருந்து எடுத்துவிடலாம்.

இதில் சுருதி மட்டும் மாறுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டேப்பை மெதுவாக ஓட்டும்போது கம்பி சுண்டப்படும் அந்தக் கணமும் நீள்கிறது, ஒலி அடங்கும் நேரமும் நீள்கிறது, கம்பியைத் தாங்கும் உடலின் அதிர்வும் கீழே இறங்குகிறது. அளவில் பெரிதாகிவிட்ட ஒரு கருவியை யாரோ நிதானமாகச் சுண்டுவது போலக் கேட்கிறது. அதனால்தான் அந்த வரியைக் கேட்டு இன்ன வாத்தியம் என்று அடையாளம் சொல்ல முடிவதில்லை.

மேலே வழுக்கிக்கொண்டு போகும் மெட்டு, மின்சாரத்தால் சீரான சுரம் எழுப்பும் ஆசிலேட்டர்களில் பிறந்தது. ஒலிக் கருவிகளைச் சோதிப்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. குமிழைத் திருகினால் சுரம் ஏறும், இறங்கும், அவ்வளவுதான். திருகும் கையின் ஓட்டம் அப்படியே ஒலியில் பதிவதால்தான், இயந்திரத்திலிருந்து வந்தாலும் அந்த மெட்டு யாரோ பாடுவதுபோல் இழைகிறது. காற்றும் மேகமும் வெள்ளை இரைச்சலிலிருந்து வந்தன. எல்லா அதிர்வெண்களும் கலந்த ‘உஸ்’ என்ற ஒலி அது. ஒரு பகுதியை மட்டும் வடிகட்டியில் விட்டு, அந்தப் பகுதியை மேலும் கீழும் நகர்த்தினால் காற்று வீசத் தொடங்கும்.

இனித்தான் உண்மையான வேலை. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அரை நொடிச் சுரம் என்பது 7.5 அங்குலத் துண்டு. காலம் அங்கே நீளமாகிவிடுகிறது. தாளத்தை அளவுகோலால் அளந்துவிடலாம். வெட்ட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, டேப்பை உலோகக் கட்டையின் பள்ளத்தில் அழுத்தி வைத்து, பிளேடால் வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டுவது வழக்கம். நேர்க்கோட்டில் வெட்டினால் ஒலி சட்டென்று மாறி ‘டிக்’ என்று கேட்டுவிடும். சாய்வாக வெட்டினால் பழையது தேயத் தேயப் புதியது வளர்ந்து வரும். பிறகு அடுத்த துண்டு, அதற்கடுத்தது. அரை அங்குலம் பிசகினால் நொடியில் முப்பதில் ஒரு பங்கு பிசகும். தாளம் பழகிய காதுக்கு அது தெரிந்துவிடும்.

பல தடங்களை ஒரே டேப்பில் பதியும் இயந்திரம் அவர்களிடம் இல்லை. கீழ்ச்சுரம் ஒரு டேப், மெட்டு ஒரு டேப், இரைச்சல் ஒரு டேப் என்று தனித்தனியாகச் செய்து, இயந்திரங்களை ஒரே நேரத்தில் முடுக்கிவிட்டு, மொத்தத்தையும் இன்னொரு டேப்பில் கலந்தார்கள். ஒருமுறை எங்கோ ஒரு சுரம் இடம் மாறி ஒலித்தது. எந்த ஒட்டில் தவறு என்று காதால் பிடிபடவில்லை. மைடா வேலின் நீண்ட நடைவழியில் டேப்புகளைப் பக்கம் பக்கமாக விரித்து, கூடவே நடந்து ஒட்டுகளை ஒப்பிட்டார்கள். ஓரிடத்தில் ஒட்டுகள் ஒரே வரிசையில் நிற்கவில்லை. பிழையைக் கண்ணால் கண்டுபிடித்துவிட்டார்கள்!

முடித்துக் காட்டியபோது, இதை நானா எழுதினேன் என்று கிரெய்னர் வியந்து கேட்டாராம். பெரும்பகுதி நீங்கள்தான் என்றாராம் டெர்பிஷயர். அவரையும் இணை இசையமைப்பாளராகச் சேர்க்க கிரெய்னர் முயன்றார். பிபிசி விதிகள் இடம் தரவில்லை. ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரை வெளியே சொல்லும் வழக்கமே அப்போது இல்லை. அந்த ஒலி முழுக்க டெர்பிஷயர் தேர்ந்தெடுத்தது, அவர் வெட்டியது. இணைப்பெயர் அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான். 2001-இல் அவர் இறந்தார். தொடரின் 50-ஆம் ஆண்டுச் சிறப்புப் படத்தில், 2013-இல்தான் அவர் பெயர் திரையில் வந்தது.

1980-இல் பீட்டர் ஹவெல் அதே மெட்டைச் சின்தசைசர்களில் புதிதாக அமைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் கீழ்ச்சுர வரியை மட்டும் பின்தொடருங்கள்.