மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: கொப்பியில் இருந்த இரண்டு எழுத்து

அக்காவின் மகள் கிளினிக் கொப்பியை விரித்து என் முன்னே வைத்தாள். வைத்தியரின் கையெழுத்தில் இரண்டே எழுத்து: எம்.எஸ்.

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாம் மாமா. தேடிப் பார்த்தேன், 'கடினமாதல்' என்று வருகிறது. என் மூளை கல்லாகிவிடுமா?"

மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்தவளுக்குக் கல் புதிதா என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. வயது இருபத்தெட்டு. முதலில் இடக்கண் மங்கியது, வெயில் என்றார்கள். பிறகு கால் விறைத்தது. நாவூறு என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் இந்த இரண்டு எழுத்தும் வந்தன.

'ஸ்கிளிரோஸ்' என்றால் கிரேக்கத்தில் வன்மையானது, இறுகியது. கண்ணின் வெள்ளைப் பகுதியான 'ஸ்கிளிரா'வும் அதே வேரில் கிளைத்ததுதான். 'மல்டிபிள்' இலத்தீன் வழி வந்தது. பல என்று பொருள். 1868இல் பாரிஸின் சால்பெத்ரியர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற வைத்தியர், இறந்துபோன நோயாளிகளின் மூளையையும் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணையும் வெட்டிப் பார்த்து, ஆங்காங்கே திட்டுத் திட்டாக இறுகியிருந்த இடங்களை வைத்து இந்நோய்க்குப் பெயரிட்டார். ஆக, இது பிரேத மேசையில் பிறந்த பெயர். உயிரோடு இருப்பவருக்கு அது சொல்வது குறைவு. உடலின் நிர்ப்பீடனம், அதாவது நோயை எதிர்க்கும் ஆற்றல், தவறிப்போய், நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. தாக்கிய இடம் ஆறும்போது தழும்பாக இறுகுகிறது. கல்லாவது மூளை அல்ல, காயம் பட்ட இடம் மட்டும்தான்.

தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்று 'தண்டுவட மரப்பு நோய்'. எனக்கு இதில் இரண்டு மனத்தாங்கல். தண்டுவடம் என்பது நம் பள்ளிக்கூடப் புத்தகத்தின் முண்ணாண்; நோயோ மூளையையும் கண் நரம்பையும்கூட விடுவதில்லை. இவளுக்குத் தொடங்கியதே கண்ணில்தான். அடுத்தது 'மரப்பு'. மரத்தல் என்றால் உணர்வு கெடுதல். நாம் விறைப்பு என்பது. இறுகுதலைச் சொல்ல வந்த சொல் உணர்விழப்பைச் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், விறைப்பு இந்நோயின் அறிகுறியும்தான். தவறிய குறி வேறொரு மாங்காயை வீழ்த்தியிருக்கிறது.

நான் முதலில் 'பல்தழும்பு நோய்' என்று எழுதிப் பார்த்தேன். பல் வைத்தியரிடம் அனுப்புவது போலிருந்தது. 'நரம்புறைத் தழும்பு நோய்' என்பதில் நிற்கிறேன். 'பல' விடுபடுகிறது, தெரியும். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். அந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல் ஆக்க எனக்கும் ஆசை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயராலும் சொல்ல முடியாத ஒன்று உண்டு: இது யாரிடம் அதிகம் வருகிறது என்பது. ஷார்கோவின் மருத்துவமனை அன்று பெண்களுக்கானது. அங்கிருந்துகொண்டு ஆண், பெண் விகிதத்தைக் கணிக்க வழியில்லை. அதே கூடத்தில் அவர் ஆராய்ந்த இன்னொரு நோய் ஹிஸ்டீரியா. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர். காரணம் புலப்படாத பெண்ணின் நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் நெடுங்காலம் அந்தப் பெயர்தான் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எம்.எஸ். ஆண்களுக்கே கூடுதல் என்று எழுதிய வைத்தியர்களும் இருந்தார்கள். நம்மூர் 'நரம்புத் தளர்ச்சி'யைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடம் நினைவுக்கு வருகிறது.

இன்றைய கணக்கில் பெண்கள் ஆண்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு. பருவமடையும் முன் பிள்ளைகளிடையே பெரிய வேறுபாடு இல்லை; அதன் பிறகே பெண்கள் பக்கம் சாய்கிறது. ஓமோன்களுக்குப் பங்கு உண்டு என்று எண்ண இது ஒரு காரணம். கனடாவில் இருபதாம் நூற்றாண்டின் போக்கில் பெண்களின் விகிதம் ஏறிக்கொண்டே போனது. பரம்பரை அலகுகள் அவ்வளவு விரைவில் மாறா, எனவே சூழலும் சேர்ந்திருக்க வேண்டும். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் தொடங்கி, தாக்கித் தணிந்து மீண்டும் தாக்கும் வகையில்தான் பெண்கள் மிகுதி. தணியாமல் தொடக்கம் முதலே மெல்ல மோசமாகும் வகை சற்றுப் பிந்திய வயதில் வருகிறது; அதில் இருபாலாரும் ஏறக்குறையச் சமம். ஆண்களுக்கு அரிதாக வந்தாலும் கடுமை கூடுதல்: பொதுவாகத் தாக்குதலிலிருந்து மீள்வது குறைவு, இயலாமை விரைவில் சேர்கிறது.

"பிள்ளை பெறலாமா?" என்று கேட்டாள். பெறலாம், மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் பேசிவிட்டு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறைகின்றன. பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் கூடுகின்றன. அடுப்படியில் நின்றால் கண் மங்கி, கிணற்றடியில் குளித்ததும் தெளிவதாகச் சொன்னாள். உடற்சூடு ஏறினால் பழைய தழும்பு வழியே செய்தி தடுமாறும். உடலை வருத்தினால் கண் சற்று நேரம் மங்குவதை 1890இல் ஜேர்மன் கண் வைத்தியர் ஊத்தோஃப் எழுதிவைத்தார். இது புதிய தாக்குதல் அல்ல.

கொப்பியில் எம்.எஸ். என்பதன் கீழே என் சொல்லைப் பென்சிலால் எழுதினாள். சற்றுப் பார்த்துவிட்டு 'நோய்' என்பதை அழித்து, நம் பக்கத்துப் பேச்சில் உள்ளபடி 'வருத்தம்' என்று போட்டாள்.