கூகோல்: இதுக்கு தமிழ்ல என்ன பேரு?

கூகோல்ங்கறது ஒரு எண்ணோட பேரு. 1 போட்டு பின்னாடி நூறு சைபர், ஆக 101 இலக்கம். கூகுள் இல்லைங்க, கூகோல். அந்த கம்பெனி பேரே இந்த எண்ணோட ஸ்பெல்லிங் மாறிப்போய் வந்ததுதான், ஆனா இப்ப நாம கூகோல்னு சரியா அடிச்சா நாமதான் தப்பா அடிச்சிட்டோம்னு நினைக்கிறாங்க, என்னத்த சொல்ல.

இதுக்கு வேர்ச்சொல் தேடாதீங்க, லத்தீனும் கிடையாது கிரேக்கமும் கிடையாது. 1920 வாக்குல அமெரிக்க கணித பேராசிரியர் எட்வர்ட் காஸ்னர், இந்த எண்ணுக்கு ஒரு பேரு சொல்லுடான்னு மில்டன் சிரோட்டாங்கற தன்னோட சொந்தக்கார பையனை கேட்டிருக்கார், அவனுக்கு அப்ப 9 வயசு, வாய்ல வந்ததை சொல்லிட்டான். 1940ல காஸ்னரும் ஜேம்ஸ் நியூமனும் சேர்ந்து எழுதின புத்தகம் வழியா அது ஊர் உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு.

சரி, தமிழ்ல? பழைய பேரு எதையாவது எடுத்து வச்சுக்கலாமேன்னு சிலர் சொல்றாங்க. ஐ, அம், பல்னு முடியற எண்ணுப்பெயர்களை பத்தி தொல்காப்பியத்துலயே இருக்கு, உரைகாரங்க அதுக்கு தாமரை, வெள்ளம், ஆம்பல்னு உதாரணம் காட்டுவாங்க. கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா அந்த நூற்பா ரெண்டு சொல்லு சேரும்போது எப்படி மாறும்ங்கற புணர்ச்சி விதி சொல்ல வந்தது, ஆம்பல்னா எத்தனை சைபர்னு சொல்ல வரல. அதை தூக்கி கூகோல் தலையில கட்டுறது எனக்கு சரியா படல. கோடியை வச்சு சொல்லலாம்னா கோடியை 14 தடவை எழுதி பெருக்கி, அதை திரும்ப நூறால பெருக்கணும், மூச்சு வாங்கும்.

நான் சொல்றது "பத்தின் நூறாம் அடுக்கு", அதாவது பத்தை நூறு தடவை எழுதி பெருக்கினது. பேரு மாதிரி இல்லையேன்னு தோணும், ஆனா கூகோல்ங்கற பேரு எதையுமே சொல்லாது, இது மொத்த ஜாதகத்தையும் சொல்லிடும். பத்துன்னா 2 × 5, அப்ப இந்த எண்ணுக்குள்ள 2 நூறு தடவை, 5 நூறு தடவை, வேற பகா எண் எதுவும் கிடையாது. அதனால 3, 7, 11 எதாலயும் மீதியில்லாம வகுபடாது. வகுத்திகள் எத்தனைன்னு பாக்கணுமா, 2-ஐ சைபர்ல இருந்து நூறு தடவை வரைக்கும் எடுக்கலாம், அது 101 வழி, 5-க்கும் அதே 101 வழி, பெருக்கினா 10,201. நூறு இரட்டைப்படைங்கறதால இது முழு வர்க்கமும்கூட, பத்தின் ஐம்பதாம் அடுக்கோட வர்க்கம். 0, 1 மட்டும் வச்சு எழுதற பைனரில எழுதினா 333 இலக்கம், கடைசி நூறும் சைபர்.

ஒண்ணே ஒண்ணு கூட்டினா கதையே மாறிடும். கூகோல் + 1 ஒத்தைப்படை, பாத்தா பகா எண் மாதிரி இருக்கும், ஆனா 10,001 அதை மீதியில்லாம வகுத்துடும், 10,001ங்கறது 73 × 137, ஆக ரெண்டுமே அதோட காரணிகள். கூகோலுக்கு அப்புறம் முதல் பகா எண் வேணும்னா கூகோல் + 267 வரைக்கும் போகணும். சாதா சயின்டிஃபிக் கால்குலேட்டர்ல 69-ஓட ஃபேக்டோரியல் (1-ல இருந்து 69 வரைக்கும் எல்லாத்தையும் பெருக்கினது) வரும், 70 போட்டா எரர் அடிக்கும்ல, காரணம் அதுக்கு கூகோலுக்கு கீழ உள்ள எண்ணைத்தான் காட்ட முடியும், 70-லதான் அது கூகோலை தாண்டுது.

அப்ப கூகோல்ங்கற சொல்லே வேணாமான்னா, வேணும். கூகோல்பிளெக்ஸ்னு இன்னொண்ணு இருக்கு. கை வலிக்கற வரைக்கும் சைபர் போடணும்னுதான் பையன் சொன்னானாம், ஆளாளுக்கு வேற வேற நேரத்துல கை வலிக்கும்னு காஸ்னர் அதை 1-க்கு அப்புறம் ஒரு கூகோல் சைபர்னு மாத்திட்டார். இதை என் முறைல சொன்னா "பத்தின், பத்தின் நூறாம் அடுக்காம், அடுக்கு", நாக்கு சுளுக்கிக்கும். "பத்தின் கூகோலாம் அடுக்கு"ன்னா முடிஞ்சது.