கையில் வெட்டுக்கிளி, கிளையில் பிஸ்தா

"தம்பி, வேலியாலை போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விட்ட கதைதான் எங்கட வீட்டிலை நடக்குது" என்றபடி அந்த அக்கா ஓர் அட்டைப் பெட்டியை என் மேசைமேல் வைத்தார். அவருக்குப் பின்னால் பதின்மூன்று வயது மகன், தலையைக் குனிந்துகொண்டு. நான் வேலை பார்ப்பது லண்டனில், நாய் பூனையோடு ஊர்வனவும் அதிகம் வரும் ஒரு கால்நடை மருத்துவமனையில். தமிழ்க் குடும்பங்கள் கிளியும் முயலும் கொண்டுவருவார்கள். பச்சோந்தியோடு வந்த முதல் தமிழ் அம்மா இவர்தான்.

பெட்டிக்குள் இருந்தது ஏமன் பச்சோந்தி. ஏமனிலும் சவூதியின் தென்மேற்கு மலைப்பகுதிகளிலும் வாழும் இனம். தலையில் கிரீடம் போல ஒரு மேடு இருக்கும். இங்கிலாந்தில் கூண்டில் பெருக்கி விற்பது பெரும்பாலும் இதைத்தான். பையன் அதற்கு பிஸ்தா என்று பெயர் வைத்திருந்தான். ஆனால் நான் மூடியைத் திறந்தபோது பிஸ்தா நிறத்தை எங்கும் காணோம். கரிய பழுப்பில், உடம்பைத் தோசை மாதிரித் தட்டையாக்கி, தொண்டையை உப்பிக்கொண்டு, வாயைப் பிளந்து சீறியது.

வாங்கி ஐந்து வாரம். கையிலிருந்து ஒன்றும் வாங்கிச் சாப்பிட மாட்டேன் என்கிறது, கையை உள்ளே விட்டாலே கடிக்க வருகிறது. விற்ற கடையில் கேட்டதற்கு, "மூன்று நாள் பட்டினி போடு, தானாகக் கைக்கு வரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்று நான்காவது நாள். எடை 94 கிராம், கண்குழி லேசாக உள்வாங்கியிருந்தது. தண்ணீர்ச் சத்து குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பட்டினி யோசனையை நான் பல வடிவங்களில் கேட்டுவிட்டேன். நாய்க்குட்டியைப் பழக்க லேசான பசி உதவும் என்பது உண்மை. ஆனால் நாய் ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதனோடு கிடக்கிற பிராணி. பச்சோந்தி தன் இனத்தோடுகூட ஒட்டாது, தனிக்கட்டை. கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தாலே எதிரி வந்துவிட்டதாக நினைத்து நாள் முழுக்க விறைத்து நிற்கும். அதற்குப் பசியும் பயமும் ஒன்றாக வந்தால் பயம்தான் ஜெயிக்கும். வளரும் வயதில் நாலு நாள் வயிறு காய்ந்தால் எலும்பும் ஈரலும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அதன் கண்ணுக்கு நம் கை, கை மாதிரியே தெரியாது. கழுகின் கால் மாதிரித்தான் தெரியும்.

எனவே அந்தப் பையனிடம் முதலில் ஒரு வார்த்தையைத் திருத்தினேன். "அதுக்கு என்னைப் பிடிக்கலை" என்றான். பிடிப்பது, பிடிக்காதது என்ற கணக்கே அதனிடம் கிடையாது தம்பி, 'இது என்னைத் தின்னுமா, தின்னாதா' என்ற ஒரே கேள்விதான் என்றேன். நாம் நம்பிக்கை என்று சொல்வது அந்தக் கேள்விக்கு 'தின்னாது' என்ற பதில் நூறு தடவை கிடைத்த பிறகு வருகிற அலட்சியம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம் நமக்குத்தான்.

நம் ஊரில் கட்சி மாறுகிறவனைப் பச்சோந்தி என்கிறோம். பாவம், அது நிறத்தை ஒளித்து வைக்கவே தெரியாத பிராணி. பின்னணிக்கு ஏற்ப மாறும் என்ற கதை பெரும்பாலும் கற்பனைதான். உள்ளே இருப்பதை வெளியே போட்டுடைப்பதுதான் அதன் வேலை. தோலுக்குள் இருக்கும் மிகச் சிறிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் கண்டுசொன்னார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே ஏமன் இனத்து ஆண்களை எதிரெதிரே நிறுத்திப் பார்த்தபோது, சண்டையில் பின்வாங்குகிறவை கருத்துப்போயின. 'என்னை விட்டுவிடு' என்பதற்கான நிறம் அது. கூண்டுக்குள் கை போனதும் பச்சோந்தி கருத்தால் அதே சேதிதான் நமக்கும். பல பேர் அதைப் படம் பிடித்து 'ஆஹா, எவ்வளவு அழகாக நிறம் மாறுகிறது' என்று போடுகிறார்கள்.

சரி, எப்படித்தான் பழக்குவது? கைக்கு முன்னால் கூண்டு சரியாக இருக்க வேண்டும். அது ஒளிந்துகொள்ள நிறைய இலை, ஏறிக்கொள்ள நம் கண் மட்டத்துக்கு மேல் கிளை, வெயில் காய ஒரு சூடான இடம், எலும்புக்குக் கால்சியம் சேர உதவும் புற ஊதாக் கதிரைத் தரும் யூ.வி.பி. விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இந்த விளக்குக்கு ஈடாகாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும். பையன் வீட்டில் கூண்டு தரையில் இருந்தது. உயரத்தில் வாழும் ஒன்றை நடமாடும் கால்களுக்கு நடுவே வைத்தால் அது எப்போது நிம்மதியாக இருக்கும்? அதை மேசைமேல் ஏற்றச் சொன்னதே பாதி வைத்தியம்.

அப்புறம் ஒரு வாரம் கையே வேண்டாம் என்றேன். தினமும் ஒரே நேரத்தில், விளக்கு போட்டு ஒரு மணி நேரம் போல வெயில் காய்ந்த பிறகு, ஒரு கோப்பையில் பூச்சியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார். உற்றுப் பார்க்காதே, பாடப் புத்தகத்தைப் படி. அதன் கண் இரண்டும் தனித்தனியாகச் சுழலும்; ஒன்று இலையைப் பார்க்கும், ஒன்று உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நீ இருக்கும்போதே கோப்பையிலிருந்து எடுத்துத் தின்றால் முதல் படி முடிந்தது. அடுத்த வாரம் கோப்பையைக் கையில் பிடித்துக்கொள். அதற்கும் அடுத்து, கோப்பை இல்லாமல் விரல். எந்தப் படியிலும் கருத்தாலோ, சீறினாலோ, கிளைக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்தாலோ பூச்சியைக் கோப்பையில் போட்டுவிட்டு வந்துவிடு. கையில் வாங்கவில்லை என்பதற்காகச் சாப்பாடு மட்டும் நிற்கவே கூடாது.

கை எப்போதும் கீழிருந்தோ, அதன் மட்டத்திலோ போக வேண்டும். மேலிருந்து வருவது பருந்து. அதற்கு வெளிக்காது கிடையாது, நம் பேச்சு அவ்வளவாகக் காதில் விழாது. ஆனால் கூண்டுச் சட்டத்தில் இடித்தால் கிளை வழியாக அந்த அதிர்வு கால் வரை போய்ச் சேரும். எனவே கொஞ்சுவதை விட கதவை மெதுவாகத் திறப்பது உபயோகம்.

மூன்றாவது வாரம் மறுபரிசோதனைக்கு வந்தபோது, என் அறையிலேயே ஒரு சின்ன மரக்கிளை நட்ட தொட்டியில் பிஸ்தாவை ஏற்றிவிட்டு, விளக்கை அதன் பக்கம் திருப்பிவைத்து, இருபது நிமிடம் மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்தோம். பழுப்பு மெதுவாகக் கரைந்து பச்சை வந்தது. பையன் ஒரு வெட்டுக்கிளியின் பின்னங்கால் இரண்டையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடித்து, ஒரு ஜாண் தள்ளி நீட்டினான். ஒரு கண் வெட்டுக்கிளியில் நின்றது. மற்றக் கண் என்னை ஒரு சுற்று பார்த்துவிட்டு, அதுவும் வந்து வெட்டுக்கிளியில் நின்றது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் கூடிவிட்டால் தீர்மானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். உடம்பு ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடியது. வாய் சற்றே திறந்து, நாக்கின் நுனி இளஞ்சிவப்பு மொட்டுப் போல எட்டிப் பார்த்தது. "விரலைத் தளர்த்து" என்றேன். பொத்தென்று ஒரு சத்தம்தான் கேட்டது. வெட்டுக்கிளி இருந்த இடத்தில் பையனின் காலி விரல்கள்.

அந்த நாக்கு, வாலைக் கழித்த உடம்பின் நீளத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு தூரம் பாயும். அதற்கு எடுத்துக்கொள்வது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை. நுனியில் ஊறும் பசை மனித உமிழ்நீரைப் போல சுமார் 400 மடங்கு கெட்டி என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. இதெல்லாம் வியப்புக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு வேகமாக வந்து இவ்வளவு பலமாக ஒட்டுகிற ஒன்றை, நீங்கள் பூச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாலோ, பயந்து கையை வெடுக்கென்று இழுத்தாலோ, என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு யோசிக்க வேண்டியதில்லை, பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், சாப்பிடாமல் இருந்த ஒரு பச்சோந்திக்கு உலோக இடுக்கியில் கிரிக்கெட் பூச்சியைப் பிடித்து நீட்டினேன். பூச்சி தப்பி அறைக்குள் ஓடிவிடுமே என்று இறுக்கமாகப் பிடித்திருந்தேன். நாக்கு வந்து ஒட்டியது, நான் விடவில்லை. அது முழுப் பலத்தோடு இழுத்தது. ஒரு விநாடிதான். பூச்சி போனது, ஆனால் அடுத்த இரண்டு வாரம் அது நாக்கை நீட்டவே மறுத்து, கிளையோரம் வந்த பூச்சியை வாயால் கவ்விக்கொண்டிருந்தது. உரிமையாளரிடம் என் தவறு என்று சொன்னேன். நல்லவேளை, நாக்கு திரும்பிவிட்டது. சிலவற்றுக்குத் திரும்புவதில்லை, வாழ்நாள் முழுக்க ஊட்டிவிட வேண்டிவரும். இப்போது இடுக்கி வேண்டும் என்பவர்களுக்கு முனை மழுங்கிய மூங்கில் இடுக்கியைத்தான் சொல்கிறேன். அதையும் தளர்வாகப் பிடிக்க வேண்டும். விரலில் நாக்கு ஒட்டிக்கொண்டால் கையை அசைக்காமல் வைத்திருங்கள். அதுவே விட்டுவிடும்.

என்ன கொடுப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. மெழுகுப்புழுவைக் கண்டால் எந்தப் பச்சோந்தியும் சீக்கிரம் கைக்கு வரும். முழுக்கக் கொழுப்பு அது, நம் பிள்ளைகளுக்குச் சிப்ஸ் மாதிரி. கைக்குப் பழக்கும் அவசரத்தில் அதையே கொடுத்து, பிறகு வேறெதையும் தொடாத பிராணிகள் என்னிடம் வருகின்றன. வெட்டுக்கிளி, கிரிக்கெட் பூச்சி, தீனிக்கென்றே வளர்த்து விற்கும் டூபியா கரப்பான் இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். அந்தப் பூச்சிக்கு முதல்நாள் கீரையும் கேரட்டும் போட்டு, கொடுக்கும் முன் கால்சியம் பொடியில் புரட்டுங்கள். பூச்சியின் அளவு அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்ட வேண்டாம். வளர்ந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பெண்ணாக இருந்தால் இன்னும் கவனம்: ஆண் துணையே இல்லாமலும் முட்டையிடும், அதிகம் தீனி போட்டால் அதிகம் முட்டை வைக்கும், முட்டை சிக்கிச் சாகவும் கூடும். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், மின்மினி வேண்டவே வேண்டாம். சில மின்மினிகளின் நஞ்சு பல்லி இனத்தைக் கொன்றிருக்கிறது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வன மூலம் சால்மொனெல்லா என்ற வயிற்றுக் கிருமி வரலாம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முருங்கை மரத்திலோ வேலியிலோ பார்க்கும் நம் பச்சோந்தி, 1972ஆம் வருடத்து இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்கு விஷமும் கிடையாது, எனவே அடிக்கவும் காரணம் இல்லை. விட்டுவிடுங்கள். நான் சொல்வதெல்லாம் கூண்டில் பிறந்து, சட்டப்படி வாங்கிய பிராணிக்கு.

கைக்குப் பழக்குவதில் எனக்கு, மருத்துவனாக, ஒரு சுயநலம் உண்டு. பச்சோந்தி நோயைக் கடைசி வரை மறைக்கும். கோப்பையில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அது சாப்பிட்டதா, பூச்சி ஓடிவிட்டதா என்றே தெரியாது. கையால் கொடுக்கிறவருக்கு எல்லாம் தெரியும். ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பையன் அவனாகவே அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தான். "பிஸ்தா ரெண்டு நாளா குறி தவறுது டொக்டர். நாக்கு முழுசா வாறதில்லை, பாதியிலை விழுது." கருக்கவில்லை, எடை குறையவில்லை, வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். யூ.வி.பி. விளக்கை எப்போது மாற்றினாய் என்றேன். மாற்றவே இல்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். வகையைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தது. கால் எலும்பு வளைவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம். மருந்தையும் வாயைப் பிளந்து ஊற்ற வேண்டியிருக்கவில்லை, அவன் வெட்டுக்கிளியில் ஒரு சொட்டு வைத்துக் கொடுத்தான்.

தூக்குவதைப் பற்றியும் கேட்பார்கள். மேலிருந்து பிடிக்காதீர்கள். கையை ஒரு கிளையாக அதன் முன் நீட்டி, அடுத்த காலடியில் பூச்சியைக் காட்டுங்கள், ஏறினால் ஏறட்டும். எடை பார்க்கச் சமையல் தராசில் ஒரு குச்சியை நிறுத்தி அதில் ஏறவிட்டால் போதும், தொடவே வேண்டாம். தராசு பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது.

போன கோடையில் பையன் பள்ளியோடு ஒரு வாரம் முகாம் போய்விட்டான். மூன்றாம் நாள் அந்த அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இது ரெண்டு நாளா என்னட்டை ஒண்டும் வாங்குதில்லை, என்னைக் கண்டாலே கறுக்குது." எப்படிக் கொடுக்கிறீர்கள் அக்கா என்றேன். பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை போட்டுக்கொண்டு. அதைக் கழற்றுங்கள், அதற்கு அது புதுப் பிராணி என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ரப்பர் உரியும் சத்தம், "முருகா", அப்புறம் ஒரு சின்ன அலறல்.

"எடுத்திட்டுது" என்றார்.